ஜூன் 30-ஐச் சுற்றிய வாழ்க்கை: இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் ஒரு நடுக்கள வீரர்

2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி கிளப்புக்காக லீக் கோப்பை ஆட்டத்தில் விமல் யோகநாதன் களமிறங்கியபோது, இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து ஆடும் முதல் தமிழர் என்ற செய்தி உலகெங்கும் உள்ள தமிழர்களிடம் பரவியது. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்தவர், லிவர்பூல், பர்ன்லி அகாடமிகளைத் தாண்டி பார்ன்ஸ்லிக்கு வந்தவர், நடுக்களத்தில் ஆடுபவர்.

செய்தியைப் படித்த பலருக்கு இரண்டு குழப்பங்கள். "இங்கிலாந்து என்றால் பிரீமியர் லீக்தானே, இந்தப் பார்ன்ஸ்லி எங்கே இருக்கிறது?" என்பது ஒன்று. "தொழில்முறை வீரர் ஆகிவிட்டார், இனி வாழ்க்கைக்குக் கவலையில்லைதானே?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம், அது "இல்லை" என்பதுதான். கீழ்நிலை லீக்குகளில் ஒரு வீரர் எங்கே ஆடுவார், எவ்வளவு சம்பாதிப்பார், எப்போது நிறுத்துவார் என்பதைத் திறமை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறதோ, அதே அளவுக்கு ஒப்பந்தம் முடியும் தேதியும் தீர்மானிக்கிறது. அந்தத் தேதி ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: ஜூன் 30.

92 கிளப்புகள், நான்கு தளங்கள்

இங்கிலாந்துக் கால்பந்து ஒரே கட்டடத்தின் பல மாடிகளைப் போன்றது. மேல்மாடி பிரீமியர் லீக். அதில் 20 கிளப்புகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள். இந்த மூன்றையும் நடத்துவது இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் (இஎஃப்எல்). 1888-ல் 12 கிளப்புகளோடு தொடங்கிய பழைய ஃபுட்பால் லீக்கின் வாரிசு அது. மொத்தம் 92 கிளப்புகள். இவற்றுக்கும் கீழே ஐந்தாவது தளமாக நேஷனல் லீக். அதன் பெரும்பாலான அணிகள் இன்று முழுநேர அணிகள்தான். ஆறாவது தளத்தில் பகல் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் வீரர்களே அதிகம்.

பெயர்கள்தான் ஏமாற்றுகின்றன. "லீக் ஒன்" என்றால் முதல் டிவிஷன் என்று தோன்றும். உண்மையில் அது மூன்றாவது தளம். "லீக் டூ" நான்காவது தளம். பார்ன்ஸ்லி தெற்கு யார்க்ஷையரைச் சேர்ந்த பழைய நிலக்கரி நகரத்துக் கிளப். பிரீமியர் லீக்கில் ஒரே ஒரு சீசன் ஆடியிருக்கிறது (1997-98). 2022-ல் சாம்பியன்ஷிப்பிலிருந்து இறங்கி லீக் ஒன்னுக்கு வந்தது.

மாடிகளுக்கு இடையே ஏறுவதும் இறங்குவதும் ஆண்டுதோறும் நடக்கும். லீக் ஒன்னில் முதல் 2 அணிகள் நேராக மேலே போகும், 3 முதல் 6 வரையிலான இடங்களைப் பிடித்தவை மீதமுள்ள ஒரு இடத்துக்காகப் பிளே-ஆஃப் ஆடும், கடைசி 4 அணிகள் கீழே இறங்கும். லீக் டூவில் முதல் 3 அணிகள் ஏறும், 4 முதல் 7 வரை பிளே-ஆஃப், கடைசி 2 அணிகள் இறங்கும். அந்தக் கடைசி இரண்டில் விழுவதுதான் மிகக் கொடியது. 92 கிளப்புகளின் வட்டத்திலிருந்தே வெளியேற்றம் அது. கிளப் இறங்கும்போது அதன் வருமானம் சரியும், அதோடு வீரர்களின் ஒப்பந்தங்களும் சரியும்.

16 வயதில் முதல் வடிகட்டல், 18-ல் இரண்டாவது

2012 முதல் இங்கிலாந்து அகாடமிகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பயிற்சி நேரம், பயிற்சியாளர் எண்ணிக்கை, மைதான வசதி, செலவு ஆகியவற்றை வைத்து இந்தத் தரம் முடிவாகிறது. பிரீமியர் லீக்கின் பெரிய கிளப்புகள் முதல் தரத்தில் இருக்கின்றன. கீழ்நிலைக் கிளப்புகள் பெரும்பாலும் மூன்றாம் தரத்தில் அகாடமி நடத்துகின்றன.

பையனுக்கு 16 வயதாகும்போது கிளப் முதல் முடிவை எடுக்கும்: இரண்டாண்டு "ஸ்காலர்ஷிப்" தருவதா, அனுப்பிவிடுவதா? பெயர் ஸ்காலர்ஷிப் என்றாலும் நடைமுறையில் இது ஒரு தொழிற்பயிற்சி. காலையில் பயிற்சி, வாரத்தில் குறிப்பிட்ட நேரம் படிப்பு, மாதந்தோறும் சிறு உதவித்தொகை. 17 வயது நிறைந்த பிறகே முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். 18 வயதில், ஸ்காலர்ஷிப் முடியும்போது, இரண்டாவது முடிவு வருகிறது.

இந்த 18 வயது முடிவு நடுக்கள வீரருக்கு அநியாயமாக அமைவதுண்டு. வேகமான விங்கரின் வேகம் 17 வயதிலேயே தெரிந்துவிடும். நடுக்கள வீரரின் பலமோ பந்து வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பார்ப்பது, எந்த நேரத்தில் ஓடக் கூடாது என்று அறிவது, முழு வளர்ச்சியடைந்த 28 வயதுக்காரரின் உடல் மோதலைத் தாங்கி நிற்பது. இவை 20, 21 வயதில்தான் கைகூடும். பெரிய அகாடமியில் 18 வயதில் "உடல் போதாது" என்று விடப்பட்ட ஒருவர், 22 வயதில் லீக் டூ அணியின் தலைவராக நிற்பது அதனால்தான் அடிக்கடி நடக்கிறது.

கீழ்நிலை லீக்கில் நடுக்கள வேலை எப்படிப்பட்டது

தொலைக்காட்சியில் மான்செஸ்டர் சிட்டி நடுக்களத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு லீக் டூ ஆட்டம் வேறொரு விளையாட்டாகத் தெரியும். பின்வரிசையிலிருந்து சிறு பாஸ்களாகக் கட்டி வரும் அணிகள் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் பிப்ரவரியில் மைதானம் சேறாகும்போது பந்து வானத்தில்தான் அதிகம் பறக்கும். நீண்ட பந்து ஒன்று தலையில் மோதி எங்கோ விழும். அப்படி விழும் "இரண்டாவது பந்தை" யார் எடுக்கிறார்கள் என்பதுதான் ஆட்டத்தின் போக்கு. அதை எடுப்பது நடுக்கள வீரரின் வேலை.

மூன்று வகை வேலைகளைச் சட்டை எண்ணால் குறிப்பது வழக்கம்:

1. "ஆறு": தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று, எதிரணியின் தாக்குதலை முளையிலேயே அறுப்பவர்.
2. "எட்டு": இரு அணிகளின் பெனால்டி பெட்டிகளுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருப்பவர். ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுவது இவருக்குச் சாதாரணம்.
3. "பத்து": முன்வரிசைக்குப் பின்னால் வாய்ப்புகளை உருவாக்குபவர். கீழ்நிலை லீக்குகளில் இந்த இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பல மேனேஜர்கள் அந்த ஆளுக்குப் பதிலாக இரண்டாவது முன்கள வீரரை இறக்குவார்கள்.

லீக் ஆட்டங்கள் மட்டும் 46. மேலே எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை, லீக் ஒன் மற்றும் லீக் டூ அணிகளுக்கான இஎஃப்எல் டிராஃபி. சனிக்கிழமை ஆட்டம், செவ்வாய் இரவு ஆட்டம், மறுபடி சனிக்கிழமை. நடுவில் பேருந்துப் பயணம். பிளிமத்தும் கார்லைலும் ஒரே டிவிஷனில் இருந்த சீசன்களில் ஒரு வழிப் பயணமே 600 கிலோமீட்டருக்கு மேல். காயம் பெரும்பாலும் இந்த அடுக்கடுக்கான ஆட்டங்களின் களைப்பில்தான் வருகிறது: தொடையின் பின்தசை, இடுப்புக்கவட்டை, கணுக்கால். முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் அறுந்தால் ஏறக்குறைய ஒரு சீசனே போய்விடும்.

மஞ்சள் அட்டைக் கணக்கும் நடுக்கள வீரரைத்தான் அதிகம் பிடிக்கும். முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் 5 மஞ்சள் வாங்கினால் ஒரு ஆட்டத் தடை. 37-வது ஆட்டத்துக்குள் 10 ஆனால் இரண்டு ஆட்டத் தடை. 15-ஐத் தொட்டால் மூன்று. எதிர்த்தாக்குதலை நிறுத்த வேண்டுமென்றே செய்யும் சிறு ஃபவுல் "ஆறு" எண்காரரின் வேலையிலேயே ஒரு பகுதி. அதனால் நவம்பருக்குள் ஒரு தடை என்பது பலருக்கு எதிர்பார்த்த ஒன்றுதான். தடையில் இருக்கும் ஆட்டத்துக்கு ஆட்டக் கட்டணம் கிடையாது. அந்த இடத்தில் இறங்கிய இளைஞர் நன்றாக ஆடிவிட்டால் இடமே போய்விடவும் கூடும்.

முன்கள வீரரின் மதிப்பைக் கோல் எண்ணிக்கை சொல்லிவிடும். நடுக்கள வீரரின் மதிப்பைச் சொல்லும் எண் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் கார்னரும் ஃப்ரீ-கிக்கும் நன்றாக அடிக்கத் தெரிந்த நடுக்கள வீரருக்கு இந்த லீக்குகளில் தனி விலை. நிலைப்பந்திலிருந்து வரும் உதவிக் கோல்கள் பதிவேட்டில் நிற்கும். புதிய கிளப்பைத் தேடும்போது காட்டுவதற்கு ஒரு எண் இருக்கும். இளம் நடுக்கள வீரர் ஒருவர் பயிற்சி முடிந்தபின் அரைமணி நேரம் தனியாகச் செலவிட வேண்டுமென்றால், அதைக் கார்னர் அடிப்பதற்கே செலவிடலாம்.

ஒப்பந்தத்துக்குள் என்ன இருக்கிறது

லீக் ஒன், லீக் டூவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டு அல்லது இரண்டாண்டு. மூன்றாண்டு என்றால் கிளப் அந்த வீரரை விற்று லாபம் பார்க்க நினைக்கிறது என்று பொருள். பக்கங்கள் பல இருந்தாலும் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் பத்திகள் சிலதான்:

1. அடிப்படைச் சம்பளம். வாரக் கணக்கில் பேசுவார்கள், மாதக் கணக்கில் கொடுப்பார்கள்.
2. ஆட்டக் கட்டணம். தொடக்க அணியில் இருந்தால் இவ்வளவு, மாற்று வீரராக இறங்கினால் இவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். அடிப்படையைக் குறைத்து இதைக் கூட்டித் தரும் கிளப்புகள் உண்டு. காயம் பட்டால் இந்தப் பகுதி நின்றுவிடும் என்பதைக் கணக்கில் வைத்தே கையெழுத்திட வேண்டும்.
3. கீழிறக்கப் பத்தி. கிளப் இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்பது. ஏறினால் கூடும் என்ற எதிர்ப்பத்தியும் இருக்கிறதா என்று பார்ப்பது ஏஜென்ட்டின் முதல் கடமை.
4. கிளப்பின் நீட்டிப்பு உரிமை. கிளப் விரும்பினால் மட்டும் இன்னோர் ஆண்டு. வீரர் விரும்பினால் போதாது.
5. ஆட்ட எண்ணிக்கையால் தானாக நீளும் பத்தி. உதாரணமாக, 25 ஆட்டங்களில் தொடக்க அணியில் இருந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தானாக உறுதி.

ஐந்தாவது பத்தி வீரருக்குப் பாதுகாப்பு போலத் தெரியும். பல நேரம் அதுவே பொறியாகிறது. 23 ஆட்டங்களில் நிற்கும் ஒருவர் மார்ச்சில் திடீரென்று பெஞ்சுக்குப் போவார். காரணம் அவரது ஆட்டம் அல்ல, அடுத்த ஆண்டுச் சம்பளப் பட்டியல். எண்ணைக் குறைவாகப் பேசி வாங்குவதும், மாற்று வீரராக இறங்குவதையும் சேர்த்துக் கணக்கிட வைப்பதும்தான் இதற்கு மருந்து.

கீழே நேஷனல் லீக்குக்கு இறங்கும்போது காயகாலச் சம்பளம் பற்றிய பத்தியைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். மேல் நான்கு டிவிஷன்களின் பொது ஒப்பந்தத்தில் உள்ள அளவுக்குப் பாதுகாப்பு அங்கே இல்லை. "ஒரு படி கீழே, ஆனால் சம்பளம் அதே" என்று தோன்றும் வாய்ப்பில் மறைந்திருக்கும் வித்தியாசம் அதுதான்.

மே மாதத்துப் பட்டியல்

சீசனின் கடைசி ஆட்டம் மே தொடக்கத்தில் முடியும். அடுத்த சில நாட்களில் ஒவ்வொரு கிளப்பும் "தக்கவைப்புப் பட்டியல்" வெளியிடும்: யார் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், யாருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது, யாருக்குப் புதிய வாய்ப்பு தரப்பட்டுள்ளது, யார் விடப்படுகிறார்கள். லீக் டூ கிளப் ஒன்று ஒரே நாளில் பத்துப் பேரை விடுவது புதுமை அல்ல. மேனேஜர் அறையில் ஐந்து நிமிடப் பேச்சு. பிறகு இணையத்தில் பெயர் வரும்.

இங்கே 24 வயது ஒரு பெரிய எல்லைக்கோடு. ஒப்பந்தம் முடியும் வீரர் 24 வயதுக்கு உட்பட்டவர் என்றால், பழைய ஒப்பந்தத்துக்குக் குறையாத புதிய வாய்ப்பைக் கிளப் எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும். அவர் வேறு இங்கிலாந்துக் கிளப்புக்குப் போனாலும் பயிற்சி இழப்பீடு கேட்கலாம். இரு கிளப்புகளும் ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயிக்கும். 2015-ல் பர்ன்லியிலிருந்து லிவர்பூல் போன டேனி இங்ஸ் வழக்கில் 65 லட்சம் பவுண்டு என்று தீர்ப்பானது இதன் புகழ்பெற்ற உதாரணம். 24-ஐத் தாண்டியவர் ஒப்பந்தம் முடிந்ததும் சுதந்திரமானவர். பழைய கிளப்புக்கு ஒரு பைசாவும் கிடையாது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் ழான்-மார்க் போஸ்மன் வழக்கில் தந்த தீர்ப்பின் விளைவு இது.

அதற்கு முந்தைய நிலையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எந்த வீரரும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடாவிட்டால் வேறிடம் போக முடியாது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் என்று எழுந்து நின்றபின்தான் அந்த உச்சவரம்பு விழுந்தது. 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நீதிமன்றத்துக்குப் போன பிறகே பிடித்து வைக்கும் முறை தளர்ந்தது. இன்றைய சுதந்திரம் யாரோ கொடுத்த வரம் அல்ல.

விடப்பட்ட வீரருக்கு, வேறு கிளப் கிடைக்கும்வரை, அதிகபட்சம் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் கிடைக்கும். அது ஜூலையோடு சரி. ஜூலையில்தான் கிளப்புகள் முன்பயிற்சியைத் தொடங்குகின்றன. ஒப்பந்தம் இல்லாதவர்கள் "டிரயலிஸ்ட்" என்ற பெயரில் சம்பளமின்றி நட்பு ஆட்டங்களில் ஆடுவார்கள். அணிப்பட்டியலில் அவர்கள் பெயர்கூட அச்சாகாது. வீரர்கள் சங்கம் இவர்களுக்காகத் தனிப் பயிற்சி முகாமும் நடத்துகிறது. ஆகஸ்டு தாண்டியும் கிளப் கிடைக்காவிட்டால் கதவு முழுதாக மூடிவிடாது: வீரர்கள் கிளப் மாறுவதற்கான காலமாகிய மாற்றுச் சாளரம் மூடும்போது எந்தக் கிளப்பிலும் இல்லாதவரை மார்ச் வரை சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அக்டோபரில் வரும் வாய்ப்பு, யாருக்கோ காயம் பட்டதால் வரும் ஒரு மாத ஒப்பந்தமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சம்பளக் கணக்கு

கீழ்நிலைக் கிளப்புகள் வீரர் சம்பளத்தை வெளியிடுவதில்லை. ஆனால் ஒரு நல்ல அளவுகோல் நம்மிடம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் லீக் ஒன், லீக் டூ கிளப்புகள் சம்பள உச்சவரம்பு ஒன்றை வாக்களித்துக் கொண்டுவந்தன: லீக் ஒன்னுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு, லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்டு. வீரர்கள் சங்கம் எதிர்த்து நடுவர் மன்றம் போனது. 2021 பிப்ரவரியில் அது ரத்தானது. ஆனாலும் கிளப்புகளே "இது போதும்" என்று நினைத்த தொகை அது என்பதால் கணக்குப் போட உதவும்.

15 லட்சத்தை 22 வீரர்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 68,000 பவுண்டு, வாரத்துக்கு 1,300. லீக் ஒன்னில் சுமார் 1,13,600, வாரத்துக்கு 2,180 அளவில். இது உச்சவரம்பைச் சமமாகப் பங்கிட்ட எண் மட்டுமே. நிஜத்தில் முன்கள வீரர் ஒருவர் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார். 20 வயது நடுக்கள வீரர் இதில் பாதிகூட வாங்கமாட்டார். சில பணக்கார உரிமையாளர்களின் கிளப்புகள் இதைவிடப் பல மடங்கு கொடுக்கின்றன.

68,000 வாங்குபவருக்கு வருமான வரியும் தேசியக் காப்பீடும் போகக் கையில் நிற்பது சுமார் 50,000. அதில் ஏஜென்ட் பங்கு உண்டு; இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் வீட்டு வாடகை உண்டு. இங்கிலாந்தில் இது நல்ல சம்பளம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 18 வயதில் தொடங்கி 34-ல் முடிந்தால் 16 ஆண்டுகள். அதற்குள் எட்டு முதல் பன்னிரண்டு ஜூன் 30-களைக் கடக்க வேண்டும். அவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டு வருமானமே ஆட்டம் காணும். வங்கிகள் வீட்டுக்கடன் கொடுக்கத் தயங்குவது இதனால்தான்.

ஒரு முழு வாழ்க்கை: கோனர் ஹோரிஹேன்

மேலே சொன்ன எல்லா விதிகளும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் வேலை செய்வதைப் பார்க்க ஹோரிஹேனைவிடப் பொருத்தமானவர் இல்லை. பார்ன்ஸ்லி கதையோடும் அவர் நேராகப் பின்னியவர்.

1991-ல் பிறந்தவர், அயர்லாந்தின் கார்க் பகுதிக்காரர். சண்டர்லாந்தில் இளையோர் வீரராக இருந்தார். முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டமும் இல்லை. 2010-ல் இப்ஸ்விச் போனார். அங்கும் லீக் ஆட்டம் இல்லை. 20 வயதில், பெரியவர்களின் லீக் கால்பந்து ஒரு நிமிடம்கூட ஆடாத நடுக்கள வீரர். இந்த இடத்தில்தான் பலர் காணாமல் போகிறார்கள்.

2011-ல் பிளிமத் ஆர்கைல். அது விரும்பிப் போகும் இடமாக அப்போது இல்லை. கிளப் திவாலாகி நிர்வாகியின் கையில் இருந்தது, லீக் டூவுக்கு இறங்கியிருந்தது. 2011-12, 2012-13 இரண்டு சீசன்களிலும் 24 அணிகளில் 21-வது இடம். ஆனால் நொடித்துப்போன கிளப்பில் ஒரு நன்மை உண்டு: அனுபவசாலிகளுக்குப் பணம் கொடுக்க முடியாததால் இளைஞர்களை ஆட வைத்தே ஆக வேண்டும். மூன்று சீசன்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், இடது காலின் நிலைப்பந்துகள், அணித்தலைவர் பட்டை. பெரிய அகாடமியில் 21 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டங்களில் நாள் கழிப்பதைவிட, கீழிறக்கத்துக்கு அஞ்சி நடுங்கும் அணியில் வாரம் இருமுறை ஆடுவது நடுக்கள வீரரை விரைவாக வளர்க்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

2014-ல் பார்ன்ஸ்லி அவரை வாங்கியது. 2015 குளிர்காலத் தொடக்கத்தில் அந்த அணி லீக் ஒன் பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து எழுந்து, 2016 ஏப்ரலில் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஆக்ஸ்ஃபோர்டை 3-2 என வென்று லீக் டிராஃபி (இன்றைய இஎஃப்எல் டிராஃபி). மே மாதம் அதே வெம்ப்ளியில் மில்வாலை 3-1 என வென்று சாம்பியன்ஷிப்புக்கு மேலேற்றம். இரண்டிலும் அணித்தலைவர் ஹோரிஹேன்.

பிறகு ஜூன் 30 வேலை செய்தது. அவரது ஒப்பந்தம் 2017 கோடையில் முடியவிருந்தது. வயது 24-ஐத் தாண்டியாயிற்று. காத்திருந்தால் பார்ன்ஸ்லிக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே 2017 ஜனவரியிலேயே, சீசன் நடுவில், தன் அணித்தலைவரை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றது. பார்ன்ஸ்லி ரசிகர்கள் கொதித்தார்கள். கிளப்புக்கு வேறு வழி இல்லை. அதே தேதி வீரருக்குக் கதவைத் திறந்தது: மாற்றுத் தொகை குறைவாக இருந்ததால்தான் வில்லா தயங்காமல் வந்தது. அந்த ஆண்டே, 26 வயதில், அயர்லாந்து தேசிய அணியில் முதல் ஆட்டம். 2019-ல் பிளே-ஆஃப் இறுதியில் டார்பியை வென்று வில்லாவோடு பிரீமியர் லீக்.

ஏறிய பாதையே இறங்கும் பாதையாகவும் அமைந்தது. ஸ்வான்சியிலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டிலும் லோனில், அதாவது தற்காலிகமாக, ஆடினார். 2022-ல் லீக் ஒன்னில் டார்பி. 2024-ல் அந்த அணியோடு மேலேற்றம். 33 வயதில் பார்ன்ஸ்லிக்கே வீரராகவும் பயிற்சியாளராகவும் திரும்பினார். 2025-ல் அதே கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இப்படி முழுவட்டம் வருவது அரிது; ஆனால் வட்டத்தின் ஒவ்வொரு திருப்பமும் இந்த லீக்குகளில் தினமும் நடப்பதுதான்.

சாம் க்ளூகஸ் இன்னும் செங்குத்தாக ஏறியவர். லெஸ்டர் அகாடமி விட்ட பையன். 2012-13-ல் ஐந்தாவது தளத்தில் ஹெரிஃபோர்டு, அடுத்த ஆண்டு லீக் டூவில் மான்ஸ்ஃபீல்டு, அடுத்து லீக் ஒன்னில் செஸ்டர்ஃபீல்டு, அடுத்து சாம்பியன்ஷிப்பில் ஹல் சிட்டி, 2016-17-ல் ஹல்லோடு பிரீமியர் லீக். ஐந்து சீசன், ஐந்து டிவிஷன்.

லோன்: அனுப்புவது எதற்கு, எங்கே தவறுகிறது

20 வயது நடுக்கள வீரரை வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது லோன். நோக்கம் ஆட்ட நேரம். ஆனால் பல லோன்கள் அந்த நோக்கத்தை எட்டாமல் போகின்றன, காரணங்கள் தெளிவானவை.

1. மேனேஜர் மாற்றம். அழைத்த மேனேஜர் அக்டோபரில் நீக்கப்படுகிறார். புதியவருக்கு இந்தப் பையன் யாரென்றே தெரியாது.
2. ஆட்டப் பாணி. தரையில் பாஸ் செய்யும் அணியிலிருந்து, பந்தை மேலே அடிக்கும் அணிக்குப் போகும் "பத்து" எண்காரர் 90 நிமிடமும் தலைக்கு மேல் பறக்கும் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
3. பணம். பல லோன்களில், பையன் ஆடினால் அவன் சம்பளத்தில் சிறு பங்கையும், ஆடாவிட்டால் பெரும்பங்கையும் லோனில் வாங்கிய கிளப் கொடுக்க வேண்டும் என்று எழுதுவார்கள். இப்படி எழுதாத லோன்களில் பையனைப் பெஞ்சில் உட்கார வைப்பது எளிது.
4. பதிவு எல்லை. பன்னாட்டு விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதியலாம், இரண்டுக்காக மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். ஆகஸ்டில் சொந்தக் கிளப்புக்காகக் கோப்பை ஆட்டத்தில் பத்து நிமிடம் இறங்கி, பிறகு ஒரு லோனிலும் ஆடிவிட்டால், ஜனவரியில் மூன்றாவது இடம் தேட முடியாது.

ஜனவரியில் திரும்ப அழைக்கும் பத்தி இருக்கிறதா என்பதுதான் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கிளப்பே விழுந்தால்

பரி கிளப் 2019 மே மாதம் லீக் டூவிலிருந்து லீக் ஒன்னுக்கு ஏறியது. ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஏற்றத்தைச் சம்பாதித்த வீரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காக வரவில்லை. 2020 செப்டம்பரில் மேக்கில்ஸ்ஃபீல்டு டவுன் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. க்ளூகஸ் ஆடிய ஹெரிஃபோர்டு யுனைடெட்டும் 2014 டிசம்பரில் அப்படித்தான் முடிந்தது.

சம்பளம் தாமதமாகும் முதல் மாதமே வீரர்கள் சங்கத்தை அழைப்பதுதான் சரியான நடைமுறை. எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, குறித்த கெடுவுக்குள் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை வீரருக்கு உண்டு. "அணித்தோழர்களுக்குத் துரோகம் செய்வதாக ஆகிவிடுமோ" என்று காத்திருப்பவர்கள், சாளரம் மூடிய பிறகு தெருவில் நிற்கிறார்கள்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேராகப் போக முடியுமா?

இந்தக் கேள்வி விமல் செய்தியோடு சேர்ந்து வந்ததால் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரெக்சிட்டுக்குப் பின், 2021 முதல், பிரிட்டன் குடியுரிமையோ வேலையுரிமையோ இல்லாத வீரருக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் புள்ளி முறை ஒப்புதல் வேண்டும். தேசிய அணிக்கு ஆடிய விகிதம், அந்த நாட்டின் உலகத் தரவரிசை, ஆடும் லீக்கின் தரம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள். இந்திய, இலங்கை லீக்குகளில் ஆடுபவருக்கு அந்தப் புள்ளிகள் சேராது. 2023 முதல் புள்ளி போதாதவர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்கு அப்படி இரண்டே இடங்கள். 18 வயதுக்கு உட்பட்டவரை வெளிநாட்டிலிருந்து சேர்க்கவே முடியாது. "இங்கிலாந்துக் கிளப்பில் டிரயல் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் இந்த மூன்று விதிகளையும் கேட்டுப் பாருங்கள். விமலைப் போல அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் கடக்க வேண்டியது மேலே சொன்ன வடிகட்டல்களை.

32-க்குப் பிறகு

நடுக்கள வீரருக்கு முதலில் போவது ஓட்டம் அல்ல, ஓட்டத்துக்குப் பின் மீளும் வேகம். சனி ஆட்டத்தின் களைப்பு செவ்வாய்க்குள் தீராது. "எட்டு" எண்காரர் "ஆறு" இடத்துக்குப் பின்வாங்குவார், சிலர் வலதுபுறத் தற்காப்புக்குப் போவார்கள். கிரிம்ஸ்பியில் 16 வயதில் 1975-ல் தொடங்கிய டோனி ஃபோர்டு 42 வயதில் 2001-ல் ராச்டேலில் முடிக்கும்போது 931 லீக் ஆட்டங்கள் ஆடியிருந்தார். கோல்கீப்பர் அல்லாத வீரர்களில் அது சாதனை. வலது விங்கராகத் தொடங்கியவர் நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் மாறிக்கொண்டே வந்ததால்தான் அது முடிந்தது. கடைசி ஆண்டுகளில் அவர் மான்ஸ்ஃபீல்டிலும் ராச்டேலிலும் வீரராக இருந்துகொண்டே பயிற்சியாளர் பணியும் பார்த்தார்.

பெரும்பாலோர் 33 வாக்கில் நேஷனல் லீக்குக்கோ அதற்கும் கீழோ இறங்குவார்கள். ஆறாவது தளத்தில் செவ்வாய், வியாழன் மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். வார நாட்களில் வேறு வேலை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் "பி" பயிற்சியாளர் உரிமத்தை ஆடும் காலத்திலேயே, வீரர்கள் சங்கத்தின் உதவியோடு முடித்துவிடுவது புத்திசாலித்தனம். "ஏ" உரிமத்துக்கு இடம் கிடைப்பது கடினம், அதற்கு "பி" கையில் இருக்க வேண்டும். பயிற்சியாளர் வேலையில் மனமில்லாதவர்களில் பலர் சங்க உதவியோடு சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் படித்து, வேறு வேடத்தில் அதே மைதானத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். படிப்பில் சேர வேண்டிய வயது 28, 29. அப்போது இன்னும் இரண்டாண்டு ஒப்பந்தம் கையில் இருக்கும், மதியத்துக்குள் பயிற்சி முடிந்துவிடும், பிற்பகல் முழுதும் காலியாகக் கிடக்கும்.